இடது கையில் பிடித்தால் ஏன் கட் ஆகிறது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பேசிக்கொண்டிருக்கும்போதே போன் கட் ஆவது. அதனால் மற்றவற்றை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

போனை மேஜை மேல் வைத்து ஸ்பீக்கரில் பேசினால் நன்றாகக் கேட்கிறது. இடது கையில் எடுத்துக் காதில் வைத்தால் எதிர்ப்பக்கம் ஹலோ ஹலோ என்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் கட் ஆகிவிடுகிறது. கடையில் காட்டினால் "அதெல்லாம் உங்க மனப்பிரமை மேடம்" என்கிறார்கள். மனப்பிரமையா?
– தேனியிலிருந்து ஒரு வாசகி

மனப்பிரமை இல்லவே இல்லை. உங்கள் கை சிக்னலைத் தடுக்கிறது. கையில் பிடித்தும் மேஜையில் வைத்தும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களே, கடைக்காரர் செய்திருக்க வேண்டிய சோதனை அதுதான்.

நடப்பது இரண்டு விஷயம். முதலாவது எளிது. நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், அதுவும் உப்புக் கரைந்த தண்ணீர். ரேடியோ அலை அதற்குள் நுழைந்தால் ஒரு பகுதி சூடாக மாறி அங்கேயே தீர்ந்துபோகும். இரண்டாவதைச் சொல்ல மிருதங்கத்தை எடுத்துக்கொள்கிறேன். கச்சேரிக்கு முன்னால் தொப்பிப் பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள், பார்த்திருப்பீர்கள். அப்பியதும் அந்தப் பக்கத்து நாதம் கனத்துக் கீழே இறங்கும். ஆன்டெனா என்பதும் குறிப்பிட்ட அலைவரிசைக்குச் சுருதி சேர்த்து வைத்த உலோகத் துண்டுதான். அதன்மேல் கை ஒட்டினால் ரவை அப்பியது மாதிரியே அதன் சுருதி இறங்கிவிடும். டவர் ஒரு சுருதியில் அனுப்ப, போன் வேறொரு சுருதியில் உட்கார்ந்திருக்கும்.

இடது கை மட்டும் ஏன்? உங்கள் மாடலில் ஆன்டெனா எந்த மூலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான போன்களில் முக்கியமான ஆன்டெனா கீழ் விளிம்பில் இருக்கும். இடது கையில் பிடித்தால் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிற சதைப்பகுதி போனின் கீழ் இடது மூலையில் அழுந்தி உட்காரும். வலது கையில் அதே சதை மறுபக்கத்து மூலைக்குப் போய்விடும்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். எதிர்ப்பக்கம் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது, நீங்கள் பேசுவதுதான் அங்கே போய்ச் சேரவில்லை. டவர் உரக்கப் பேசும், ஏனென்றால் அதனிடம் பெரிய ஆன்டெனாவும் நிறைய மின்சக்தியும் இருக்கிறது. 4ஜி போன் அதிகபட்சமாகக் கால் வாட்டுக்கும் குறைவான சக்தியில்தான் பதில் சொல்கிறது. கை குறுக்கே வந்தால் முதலில் அடிபடுவது அந்த மெல்லிய குரல்தான். போன் தன்னால் முடிந்தவரை சக்தியைக் கூட்டிப் பார்க்கும், பாட்டரி சூடாகும், அதற்கும் மேல் முடியாதபோது கட் ஆகும்.

ஐபோன் 4 வந்த சமயத்தில் ஆன்டெனாவால் பெரிய பிரச்சினை ஆனது என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னார். மணி அடித்துவிட்டதால் பாதியில் நின்றுவிட்டது. முழுக் கதையையும் சொல்ல முடியுமா?
– திருச்சியிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்

கண்டிப்பாகச் சொல்கிறேன் தம்பி. போன் வடிவமைக்கப் போகிற யாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கதை இது.

2010 ஜூன் 7ஆம் தேதி, அப்போது ஆப்பிள் கம்பெனியின் தலைவராக இருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் அந்தப் போனை மேடையில் காட்டினார். சுற்றிலும் ஒரு துருப்பிடிக்காத எஃகுப் பட்டை. அந்தப் பட்டையேதான் போனின் எலும்புக்கூடு, அதுவேதான் ஆன்டெனாவும். யோசனை என்ற அளவில் அருமையான யோசனை, அதை நான் மனதாரச் சொல்கிறேன். ஆன்டெனாவுக்கு உள்ளே தனி இடம் வேண்டாம், போன் மெலிசாகும், உலோகம் வெளியிலேயே இருப்பதால் சிக்னலும் நன்றாகக் கிடைக்கும். பட்டையை இரண்டு துண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒன்று புளூடூத், வைஃபை, ஜிபிஎஸ்ஸுக்கு. மற்றது பேசுவதற்கும் டேட்டாவுக்கும். இரண்டும் சந்திக்கிற இடங்களில் மெல்லிய கறுப்புக் கோடு மாதிரி ஒரு இடைவெளி இருக்கும். அப்படி ஒரு கோடு கீழே இடது விளிம்பில் இருந்தது.

தேனி வாசகிக்குச் சொன்ன அதே மூலை. இடது கையில் சாதாரணமாகப் பிடித்தாலே உள்ளங்கைச் சதை அந்தக் கோட்டின் மேல் பாலம் போட்டுவிடும். மற்றப் போன்களில் கைக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் சுவராவது இருந்தது. இதில் வெற்று உலோகம். அதுவும் ஈரப்பசையுள்ள தோல் இரண்டு துண்டுகளையும் சேர்த்துத் தொடுகிறது. வலது கையில் பேனாவும் இடது கையில் போனுமாகப் பேசுகிற எல்லோரும் அப்படித்தான் பிடிப்பார்கள்.

ஜூன் 24 அன்று அமெரிக்காவிலும் வேறு சில நாடுகளிலும் விற்பனைக்கு வந்தது. அன்றே புகார் ஆரம்பித்துவிட்டது. கையில் எடுத்தால் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழுவதை வீடியோ எடுத்துப் போட்டார்கள். மின்னஞ்சலில் கேட்ட ஒருவருக்கு ஜாப்ஸ் அனுப்பிய பதில்தான் இன்றுவரை எல்லோருக்கும் நினைவிருக்கிறது: அப்படிப் பிடிப்பதைத் தவிர்த்துவிடுங்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்துவது அந்த ஒரு வரிதான். போன் என்பது கையில் பிடிப்பதற்காகச் செய்த பொருள். கை எப்படி இருக்கும், எங்கே அழுத்தும் என்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு. அந்தக் கணக்கு தப்பினால் வாங்கியவர் தன் கையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்வதில் எந்த நியாயமும் இல்லை.

எவ்வளவு இழப்பு என்று, போன்களையும் கணினிகளையும் சோதித்து எழுதிவந்த ஆனந்த்டெக் தளம் அப்போதே அளந்து பார்த்தது. இயல்பாகப் பிடித்தால் ஐபோன் 4இல் ஏறக்குறைய 20 டெசிபல் போயிற்று. அதற்கு முந்தைய ஐபோன் 3ஜிஎஸ்ஸில் அதே பிடியில் 2 டெசிபல் அளவுதான். டெசிபல் கணக்கு உனக்குத் தெரிந்திருக்கும்: 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 குறைந்தால் நூற்றில் ஒரு பங்கு. ஒரு கவரைப் போட்டுவிட்டுப் பிடித்தால் இழப்பு 7 டெசிபல் அளவுக்கு இறங்கியது. அதாவது தோலுக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டை போதுமானதாக இருந்தது.

ஜூலை 12 அன்று, பொருள்களைச் சோதித்து நுகர்வோருக்குச் சொல்கிற அமெரிக்கப் பத்திரிகையான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், வெளி அலை எதுவும் உள்ளே வராத சோதனை அறையில் மூன்று ஐபோன் 4களை வைத்துப் பார்த்துவிட்டு, இந்தப் போனை எங்களால் பரிந்துரைக்க முடியாது என்று எழுதியது. மற்ற எல்லா விஷயத்திலும் அதே போனுக்கு உயர்ந்த மதிப்பெண் கொடுத்திருந்தவர்கள்தான் இதையும் எழுதினார்கள். அவர்கள் சொன்ன வைத்தியம், அந்தக் கறுப்புக் கோட்டின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுவது!

அப்புறம் ஜூலை 16, ஆப்பிளின் தலைமையகம் இருக்கிற கூப்பர்ட்டினோவில் பத்திரிகையாளர் சந்திப்பு. நாங்கள் குறையே இல்லாதவர்கள் அல்ல, எந்தப் போனும் அப்படி அல்ல என்று ஜாப்ஸ் ஒப்புக்கொண்டார். பிளாக்பெர்ரி, எச்டிசி, சாம்சங் போன்களையும் இறுக்கிப் பிடித்தால் சிக்னல் விழுவதை வீடியோவில் காட்டினார். அது பொய்யில்லை, கை பட்டால் எந்தப் போனிலும் குறையும். ஆனால் மற்றவற்றில் முழுக் கையாலும் பொத்திப் பிடித்தால் வருகிற இழப்பு, இதில் சும்மா பிடித்தாலே வந்தது. ஆன்டெனா பற்றிப் புகார் சொல்லி அழைத்தவர்கள் வாங்கியவர்களில் 0.55 சதவீதம்தான் என்றும், முந்தைய மாடலைவிட நூறு அழைப்புக்கு ஒன்றுக்கும் குறைவாகவே கூடுதலாகக் கட் ஆகிறது என்றும் கணக்குக் காட்டினார்கள். வாங்கிய எல்லோருக்கும் செப்டம்பர் 30 வரை கவர் இலவசம், பிடிக்காதவர்கள் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணம் என்றார்கள். அதுவரை, விளிம்பைச் சுற்றி மாட்டுகிற ரப்பர் பட்டையான தங்கள் கவரை 29 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். வழக்கும் நடந்தது. 2012 பிப்ரவரியில் சமரசமாகி, அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு 15 டாலர் அல்லது ஒரு இலவச கவர் என்று முடிந்தது.

இத்தனை பெரிய கம்பெனி இதைச் சோதிக்கவில்லையா என்று நீ அடுத்துக் கேட்பாய். அலை எதிரொலிக்காத சோதனை அறைகள் 17 இருப்பதாகவும் அதற்கு 10 கோடி டாலர் செலவழித்ததாகவும் அவர்களே அன்று சொன்னார்கள். ஆன்டெனா வல்லுநர் ஒருவர் ஆரம்பத்திலேயே எச்சரித்தார் என்று ப்ளூம்பெர்க் செய்தி போட்டது, ஜாப்ஸ் அதை அடியோடு மறுத்தார். எனக்கு ஒரு ஊகம் உண்டு. அந்த வருடம் ஒரு பாரில் தொலைந்துபோய்ச் செய்தியான சோதனை மாடல், பார்ப்பதற்குப் பழைய 3ஜிஎஸ் போலத் தெரியும்படி ஒரு கவருக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. வெளியே எடுத்துப்போன போன்களெல்லாம் அப்படி மாறுவேடத்தில் போயிருந்தால், உள்ளங்கை அந்த உலோகத்தைத் தொட்டே இருக்காது.

என் போனில் நாலு கோடு காட்டுகிறது, ஆனாலும் கட் ஆகிறது. பக்கத்தில் இருப்பவர் போனில் இரண்டே கோடு, அவர் நிம்மதியாகப் பேசுகிறார். இது எப்படி?
– மதுரையிலிருந்து ஒரு வாசகர்

அந்தக் கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை டெசிபலுக்கு எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. உங்கள் நாலும் அவருடைய இரண்டும் ஒரே அளவாகக்கூட இருக்கலாம்.

மேலே சொன்ன கதையிலேயே இதற்கும் ஒரு அத்தியாயம் இருக்கிறது. 2010 ஜூலை 2 அன்று ஆப்பிள் ஒரு கடிதம் வெளியிட்டது. கோடுகளைக் கணக்கிட நாங்கள் வைத்திருந்த சூத்திரமே முற்றிலும் தவறு, பல சமயம் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடு கூடுதலாகக் காட்டியிருக்கிறோம் என்று அதில் எழுதியிருந்தார்கள். சிக்னல் அளவை மைனஸ் எண்ணில் சொல்வார்கள், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஆனந்த்டெக் அளந்தபோது மைனஸ் 51இல் ஆரம்பித்து மைனஸ் 91 வரை அத்தனைக்கும் ஐந்து கோடுதான் காட்டியது. மிச்ச நாலு கோடும் அதற்குக் கீழே ஒரு இருபது டெசிபலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. அதனால் என்ன ஆகும் பாருங்கள். டவருக்குப் பக்கத்தில் இருப்பவர் போனை இறுக்கிப் பிடித்தால் மைனஸ் 60 மைனஸ் 80 ஆகும், கோடு ஐந்தில் அப்படியே நிற்கும், "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பார். தள்ளி இருப்பவருக்கு மைனஸ் 91 மைனஸ் 111 ஆகும், ஐந்து கோடும் சரசரவென்று ஒன்றாகிவிடும். இருவரும் இழந்தது ஒரே அளவுதான். ஜூலை 15 அன்று வந்த ஐஓஎஸ் 4.0.1இல் சூத்திரத்தைத் திருத்தினார்கள், கூடவே முதல் மூன்று கோடுகளின் உயரத்தையும் கொஞ்சம் கூட்டினார்கள். கோடு சரியானது, ஆன்டெனா அப்படியேதான் இருந்தது.

நிஜமான எண்ணை நீங்களே பார்க்கலாம். ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் அபவுட் போன், அதற்குள் ஸ்டேட்டஸ் அல்லது சிம் ஸ்டேட்டஸ் என்று இருக்கும், அதில் சிக்னல் ஸ்ட்ரெங்த் டிபிஎம் (dBm) என்ற கணக்கில் காட்டும். ஐபோனில் *3001#12345#* போட்டு டயல் செய்தால் அதற்கான பக்கம் திறக்கும். எண் எப்போதும் மைனஸில் இருக்கும், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வர நல்லது. 4ஜியில் மைனஸ் 85 என்றால் நல்ல சிக்னல், மைனஸ் 100 சுமார், மைனஸ் 115ஐத் தாண்டினால் எந்த நேரமும் கட் ஆகலாம்.

இதை எழுதும் முன் என் போனிலும் பார்த்தேன். ஜன்னல் திட்டில் வைத்தபோது மைனஸ் 94. இரண்டு விரலால் மேல்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன், 95. வழக்கம்போல உள்ளங்கையில் வைத்தேன், சில நொடியில் 101. கேம் விளையாடுகிற மாதிரி படுக்கைவசத்தில் இரண்டு கையாலும் இரு முனைகளையும் பொத்தினேன், 109. அந்த நேரம் முழுக்க மேலே மூன்று கோடு அசையாமல் நின்றது. அதோடு இன்னொன்று: கோடோ எண்ணோ, இரண்டுமே டவர் பேசுவது உங்களுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதைத்தான் சொல்லும். உங்கள் குரல் டவருக்கு எட்டுகிறதா என்பது அதில் இல்லை.

பணியில் இருந்த காலத்தில் நான் வைத்திருந்த போனில் ஆன்டெனா வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கட் ஆனதாக ஞாபகமே இல்லை. நன்றாக இருந்த ஒன்றை ஏன் உள்ளே கொண்டுபோய் ஒளித்தார்கள்?
– சிவகாசியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்

உங்கள் ஞாபகம் சரி ஐயா. அந்தக் குச்சி ஆன்டெனா தலைக்கு மேலே, கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. அதுதான் அதன் பலம். பலவீனம் என்றால் சட்டைப்பையில் மாட்டும், கீழே விழுந்தால் உடையும். 1999இல் வந்த நோக்கியா 3210 ஆன்டெனாவைப் பின்மூடிக்கு உள்ளே வைத்துக் கோடிக்கணக்கில் விற்றது. அதற்குப் பிறகு குச்சி வைத்த போன்கள் மெல்ல மெல்ல மறைந்துபோயின.

ஆனால் அளவை இஷ்டத்துக்குச் சுருக்க முடியாது. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். அதில் கால்பங்கு, அதாவது 8 சென்டிமீட்டர் உலோகமாவது வேண்டும், அல்லது மடித்தும் வளைத்தும் அதற்கு ஈடு செய்ய வேண்டும். அலைவரிசை கூடினால் நீளம் குறையும், 1800இல் 4 சென்டிமீட்டர் போதும். இன்றைய போனுக்கு 700இலிருந்து 3500 வரை பல அலைவரிசைகள் வேண்டும், வைஃபை வேண்டும், ஜிபிஎஸ் வேண்டும், அத்தனைக்கும் விளிம்பில்தான் இடம், அதையும் திரை பிடுங்கிக்கொண்டே வருகிறது.

ஆன்டெனா மேலேயிருந்து கீழே இறங்கியதற்கு இன்னொரு காரணம் நம் தலை. தலை உறிஞ்சிக்கொள்கிற கதிர்வீச்சுக்கு வரம்பு உண்டு. அமெரிக்காவில் ஒரு கிராம் திசுவுக்கு சராசரி கணக்கிட்டு கிலோவுக்கு 1.6 வாட். இந்தியாவும் 2012 செப்டம்பரிலிருந்து அதே வரம்பைப் பின்பற்றுகிறது. *#07# போட்டால் உங்கள் போனின் கதிர்வீச்சு அளவு திரையில் வரும், பாருங்கள். ஆன்டெனா தாடைப் பக்கம் போனால் இந்த வரம்புக்குள் நிற்பது சுலபம். ஆனால் அங்கேதான் உள்ளங்கை இருக்கிறது. தலையைக் காப்பாற்றப் போய்க் கையில் மாட்டிக்கொண்டது என்று சொல்லலாம். இப்போது சோதனைக்கூடங்களில் தலை பொம்மையோடு கை பொம்மையையும் சேர்த்து வைத்து அளக்கிறார்கள். அந்தக் கை பொம்மை வெறும் பிளாஸ்டிக் இல்லை, ரேடியோ அலைக்கு மனிதத் தசை போலவே நடந்துகொள்ளும்படி செய்த பொருள்.

ஐபோன் 4எஸ்ஸில் இதைச் சரிசெய்துவிட்டார்கள் என்கிறார்கள். பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கிறது? என்ன மாற்றினார்கள்?
– நியூஜெர்சியிலிருந்து ஒரு வாசகர்

கறுப்புக் கோடுகளை எண்ணிப் பாருங்கள், இடம் மாறியிருக்கும். அந்த மாற்றம் 2011 பிப்ரவரியில் வெரைசன் என்ற அமெரிக்க செல்போன் கம்பெனிக்காக வந்த ஐபோன் 4இலேயே ஆரம்பித்துவிட்டது. பட்டையை வேறு மாதிரி வெட்டி மேலேயும் கீழேயும் ஆன்டெனா வருகிற மாதிரி செய்தார்கள். அக்டோபரில் வந்த 4எஸ், பேசிக்கொண்டிருக்கும்போதே எந்த ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்று பார்த்து அனுப்புவதையும் வாங்குவதையும் அதற்கு மாற்றிக்கொண்டது. கை ஒரு முனையைப் பொத்தினால் மறுமுனை வேலை செய்யும். ஒரே நேரத்தில் இரண்டு முனையையும் பொத்திக்கொண்டு யாரும் காதில் வைத்துப் பேசுவதில்லை. கையை மாற்றச் சொல்லாமல் போனை மாற்றினார்கள் பாருங்கள், நான் மதிக்கிற தீர்வு இது. இன்று பல கம்பெனிப் போன்கள் இதே வழியில்தான் போகின்றன. கை பட்டு இறங்கிய சுருதியைத் தானே திருப்பிச் சேர்த்துக்கொள்கிற சின்னச் சுற்றுகளும் இப்போது உள்ளே இருக்கின்றன.

டிஸ்ப்ளே உடைந்து மாற்றினேன். மாற்றிய நாளிலிருந்து வீட்டுக்குள் டவரே இல்லை. கடைக்காரர் "நெட்வொர்க் பிரச்சினை, சிம்மை மாத்துங்க" என்கிறார். சிம்மும் மாற்றிவிட்டேன்.
– கோவையிலிருந்து ஒரு வாசகர்

அதே கடைக்குப் போய், திறந்து ஆன்டெனா கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். இதை அடித்துச் சொல்வதற்குக் காரணம், எனக்கே நடந்திருக்கிறது. பாட்டரி மாற்றிக்கொண்டு வந்த என் போன் தெருவில் பேசும், வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் செத்துவிடும். பத்து நாள் சிம் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு தெரிந்த மெக்கானிக் ஒருவர் என் முன்னாலேயே பின்பக்கத்தைச் சூடுபடுத்திக் கழற்றினார். சிம் இருக்கிற மேல் போர்டிலிருந்து சார்ஜர் சொருகுகிற கீழ் போர்டுக்கு, நூல் மாதிரி ஒரு கறுப்பு வயர் விளிம்பை ஒட்டி ஓடுகிறது. அதன் இரண்டு முனையிலும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தங்க நிறத்தில் ஒரு மூடி. ஜாக்கெட் பிரஸ் பட்டன் மாதிரி அதை அழுத்திப் பொருத்த வேண்டும். கீழ் முனை பொருந்தாமல் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. அவர் நகத்தால் ஒரு அழுத்து அழுத்தினார், டிக் என்று ஒரு சத்தம். மூடி ஒட்டுவதற்கு முன்பே டவர் வந்துவிட்டது.

அந்த வயர் வழியாகத்தான் சிக்னல் கீழ் ஆன்டெனாவுக்குப் போகிறது. அது கழன்றிருந்தால் போன் மிச்சமிருக்கிற துண்டு துணுக்குகளை வைத்துக் கொஞ்சம் பிடிக்கும், அதனால்தான் வெளியே வேலை செய்வது போலத் தெரிகிறது. பின்மூடியில் ஆன்டெனா இருக்கிற மாடல்களில் போர்டைத் தொடுகிற சின்ன ஸ்பிரிங் தகடு வளைந்துபோவதும் உண்டு. உலோக பாடி போனுக்குத் தரம் குறைந்த டூப்ளிகேட் மூடி போட்டிருந்தாலும் இதே கதிதான். அசல் மூடியில் குறுக்கே ஓடுகிற பிளாஸ்டிக் கோடு அழகுக்காக இல்லை, அலை வெளியே போகிற வழியே அதுதான். இனிமேல் எந்த ரிப்பேருக்குக் கொடுத்தாலும், கொடுக்கும் முன் அந்த டிபிஎம் எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப வாங்கும்போது கடையிலேயே அதே இடத்தில் நின்று பாருங்கள்.

சிக்னலைக் கூட்டும் ஸ்டிக்கர் என்று ஆன்லைனில் விற்கிறார்களே, பயன் உண்டா?
– நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி

இல்லை. வாங்காதீர்கள். எங்கும் இணைக்காமல் மேலே ஒட்டுகிற உலோகத் தாள் ஆன்டெனாவின் சுருதியைக் கெடுக்கத்தான் வாய்ப்பு அதிகம். காந்தம் வைத்த கவர், பின்னால் ஒட்டுகிற இரும்பு வளையம், உலோக விளிம்பு வைத்த கவர் ஏதாவது போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள், அதிலேயே வித்தியாசம் தெரியலாம். மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்து வீட்டுக்குள் சிக்னல் தருகிறோம் என்று பூஸ்டர் விற்பவர்களிடமும் ஜாக்கிரதை. உரிமம் இல்லாமல் அதை வைப்பது சட்டப்படி குற்றம், தெருவில் மற்ற எல்லோருடைய சிக்னலையும் அது கெடுக்கும்.

எங்கள் ஊரில் எல்லாப் போனும்தான் கட் ஆகிறது. போனா, கம்பெனியா, யார் மேல் தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு நஷ்ட ஈடு உண்டு என்று ஒருமுறை பேப்பரில் படித்தேன், அது என்ன ஆயிற்று?
– கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர்

நஷ்ட ஈட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015 அக்டோபரில் டிராய், அதாவது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அப்படி ஒரு உத்தரவு போட்டது நிஜம். கட் ஆகும் அழைப்புக்கு ஒரு ரூபாய், நாளைக்கு மூன்று வரை, 2016 ஜனவரி 1 முதல் தர வேண்டும் என்றது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2016 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. கட் ஆவதற்குக் காரணம் எல்லா நேரமும் கம்பெனி இல்லை, போனாகவும் இருக்கலாம், சுவராகவும் இருக்கலாம் என்பதும் அந்த வாதத்தில் வந்த விஷயம்தான். அதனால்தான் யார் தப்பு என்று நம்மால் பிரித்துச் சொல்ல முடிவது முக்கியம் என்று நினைக்கிறேன்.

உங்கள் சிம்மோடு அதே கம்பெனி சிம் இருக்கிற இன்னொரு போனை, முடிந்தால் வேறு மாடலாக, எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கை படாமல், இரண்டிலும் 4ஜி இருப்பதைப் பார்த்துவிட்டு, டிபிஎம் எண்ணைக் குறியுங்கள். எண் கொஞ்சம் ஆடிக்கொண்டே இருக்கும், நாலைந்து முறை பாருங்கள். இரண்டுமே மைனஸ் 115 பக்கம் இருந்தால் போன் மேல் தப்பில்லை, டவர் தூரம் அல்லது நடுவில் மலை. நீலகிரியில் ஒரு வளைவு திரும்பினாலே டவர் மறைந்துவிடும், உங்களுக்குத் தெரியாததில்லை. ஒன்று மைனஸ் 95, மற்றது மைனஸ் 112 என்றால் இரண்டாவது போனில் ஏதோ இருக்கிறது. அந்தப் போன் வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்ததா என்றும் பாருங்கள், இங்கே பயன்படுத்துகிற அலைவரிசைகளில் சில அதில் இல்லாமல் இருக்கலாம். மேஜையில் இரண்டும் ஒன்றாக இருந்து, கையில் எடுத்தால் ஒன்று மட்டும் பதினைந்து இருபது இறங்குகிறது என்றால் ஆன்டெனா வடிவமைப்பு.

எண் நன்றாக இருக்கிறது, ஆனாலும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் மட்டும் கட் ஆகிறது என்றால் டவரில் நெரிசல். தேதி, நேரம், நின்ற இடம், இரண்டு போனின் எண் எல்லாவற்றையும் எழுதிக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் புகார் கொடுங்கள், புகார் எண்ணை விடாமல் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டுக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் அதுவரை வைஃபை காலிங்கை ஆன் செய்துகொள்ளுங்கள். ஏர்டெல்லும் ஜியோவும் 2020 வாக்கிலிருந்து தருகின்றன, தனிக் கட்டணம் கிடையாது. அப்போது உங்கள் குரல் மலை தாண்ட வேண்டியதில்லை, கூடத்தில் இருக்கிற ரவுட்டர் வரை போனால் போதும்.